பக்கவாத்தியக் கலைஞரும் மேடை விலகலும்: பாலக்காடு மணி ஐயரின் ஒலிவாங்கி மறுப்பு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கருநாடக இசைக்கலைஞர் ஒருவரின் வாழ்வில் மேடையேறும் நாளுக்கு ஒரு பெயர் உண்டு. அரங்கேற்றம் எனப்படும் அந்நாளைப் பற்றிய விவரங்கள், குருவின் பெயர், நிகழ்ந்த இடம், உடன் வாசித்தோர் என அனைத்தும் வாழ்க்கைக் குறிப்புகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. மேடையை விட்டு இறங்கும் நாளுக்கோ இசையுலகில் இத்தகைய பெயர் எதுவும் வழங்கவில்லை. 'ஓய்வு' எனும் சொல் அரசுப் பணியாளரின் வாழ்விலிருந்து கடன் பெற்றதாகும். குறிப்பிட்ட வயது, ஓய்வூதியம், பிரியாவிடை விழா ஆகிய மூன்றும் அச்சொல்லோடு சேர்ந்தே வருகின்றன. கச்சேரிக் கலைஞருக்கு இம்மூன்றில் எதுவும் உறுதியாகக் கிடைப்பதில்லை.

கோயிற்பணியில் இருந்த நாகசுவர, தவில் கலைஞர்களுக்கு இச்சிக்கல் வேறு வடிவில் தீர்ந்திருந்தது. அங்கு வாசிப்பு ஒரு குடும்பத்தின் முறையாக இருந்தது. தந்தையின் கை தளர்ந்தபோது மகனோ மருமகனோ அம்முறையை ஏற்றார். சபாக்களை நம்பிய கச்சேரி முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வளரத் தொடங்கியபோது இந்த ஏற்பாடு கலைந்தது. கலைஞர் ஒவ்வொரு கச்சேரிக்கும் தனித்தனியே அழைக்கப்பட்டார். அழைப்பு நின்றால் அவருடைய தொழில் வாழ்வும் ஓசையின்றி நின்றது.

இக்கட்டுரை மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் (1912–1981) 1960களில் ஒலிவாங்கி வைத்த கச்சேரிகளிலிருந்து விலகி நின்ற நிகழ்வை ஆராய முற்படுகிறது. கச்சேரி உலகில் 'மைக்' என்றே வழங்கும் கருவி இங்கு ஒலிவாங்கி எனவும், அதன் வழி அரங்கில் ஒலியைக் கூட்டித் தரும் அமைப்பு ஒலிபெருக்கி எனவும் குறிக்கப்பெறுகின்றன. மணி ஐயரின் செயல் முழு ஓய்வா, இடைக்கால விலகலா என்பது விவாதத்திற்குரியது. அதனினும் முதன்மையானது, பக்கவாத்தியக் கலைஞர் ஒருவர் தம் இசைக்கருத்தை நிலைநாட்ட விலகலைத் தவிர வேறு வழி பெற்றிருந்தாரா எனும் வினா.

பாடகரின் ஓய்வும் பக்கவாத்தியக்காரரின் ஓய்வும்

பாடகர்களைப் பொறுத்தமட்டில் மேடை வாழ்வின் முடிவு இருவகையாக அமைந்தமைக்குத் தெளிவான சான்றுகள் உள்ளன. முசிரி சுப்பிரமணிய ஐயர் புகழின் உச்சியில் இருந்தபோதே, 1940களின் நடுவில், உடல்நிலை காரணமாகக் கச்சேரி மேடையை விட்டார். பின்னர் 1949ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற கருநாடக இசைக் கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்று, ஆசிரியராகவே நெடுங்காலம் வாழ்ந்தார். இதற்கு நேர்மாறானது செம்பை வைத்தியநாத பாகவதரின் முடிவு. 1974ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், தம் 78ஆம் வயதில், ஒற்றப்பாலத்தில் கோயில் கச்சேரி ஒன்றை முடித்த அன்றே அவர் மறைந்தார். அவருக்கு ஓய்வு எனும் காலமே வாய்க்கவில்லை.

இவ்விரு பாடகர்களிடமும் ஒரு பொதுமை உண்டு. பாடுவதா, நிறுத்துவதா எனும் முடிவு அவர்தம் கையிலேயே இருந்தது. கச்சேரி பாடகரின் பெயரில் நிகழ்வது. அவர் விலகினால் கச்சேரியே இல்லை. மிருதங்கக் கலைஞரின் நிலை அத்தகையதன்று. அவரைச் சபா அழைக்க வேண்டும் அல்லது பாடகர் விரும்பிக் கேட்க வேண்டும். எந்தக் கிருதி, எந்த வேகம், எத்தனை நிமிடம் தனி ஆவர்த்தனம், எந்தச் சுருதி என எதையும் அவர் தீர்மானிப்பதில்லை. அவர் வராவிட்டால் அவ்விடத்தில் வேறொருவர் அமர்வார், கச்சேரி நடக்கும். ஆகவே பக்கவாத்தியக்காரர் ஒருவர் மேடையை விட்டு நீங்குவது, அவர் பெரும்புகழ் பெற்றவராக இருந்தாலன்றி, எவர் கண்ணிலும் படுவதில்லை. மணி ஐயரின் விலகல் கவனம் பெற்றதற்கு அவர் அந்நிலையை முன்னரே மாற்றியிருந்ததே காரணமாகும்.

பழயன்னூரிலிருந்து சென்னைக்கு

மணி ஐயர் 1912ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பழயன்னூரில் பிறந்தார். தந்தையார் சேஷ பாகவதர். இளமையில் சாத்தபுரம் சுப்பையரிடம் பயின்ற அவர், பின்னர் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயிற்சி பெற்றார். செம்பை வைத்தியநாத பாகவதர் 1920களில், இன்னும் சிறுவனாகவே இருந்த மணியைச் சென்னை இரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தினார். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், அரியக்குடி இராமானுச ஐயங்கார் முதல் ஆலத்தூர் சகோதரர்கள் வரை அக்காலத்தின் முன்னணிப் பாடகர்கள் அனைவருக்கும் அவர் வாசித்தார்.

மிருதங்கக் கலையில் தஞ்சாவூர் வழி, புதுக்கோட்டை வழி என இரண்டு பெருவழிகள் பேசப்படுகின்றன. மான்பூண்டியா பிள்ளை, தட்சிணாமூர்த்தி பிள்ளை ஆகியோர் வழிவந்த புதுக்கோட்டை மரபு கணக்கு வழக்கில் வல்லது என்பர். மணி ஐயர் தஞ்சாவூர் வழியினர்; எனினும் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையுடன் ஒரே மேடையில் வாசித்துப் பெற்ற அனுபவம் அவர் வாசிப்பில் கலந்தது. அவருடைய சமகாலத்தவரும் நிகரானவருமான பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) புதுக்கோட்டை வழியின் பிரதிநிதி. இடக்கையால் வலந்தலையை வாசித்த பிள்ளை மேடையில் மறுபக்கம் அமர வேண்டியிருந்ததால் வயலின் கலைஞர் சிலர் அவருடன் அமரத் தயங்கினர் என்பதும் அறிந்த செய்தியே. கலைஞர் மேடையில் எப்பக்கம் அமர்கிறார் என்பது மரியாதை பற்றிய செய்தியாக மட்டும் இருந்ததில்லை. ஒலி பற்றிய செய்தியாகவும் இருந்தது. இக்குறிப்பு பின்னர்ப் பயன்படும்.

மணி ஐயரின் தனித்தன்மை யாது? தாளத்தைக் காத்துத் தருவதோடு நில்லாமல், பாடலின் போக்கையே மிருதங்கம் பின்பற்றும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். கிருதியின் சங்கதிகள் எங்கே எழுகின்றன, சொல் எங்கே நிற்கிறது, பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பனவற்றை அறிந்து, சில இடங்களில் நிறைத்தும் சில இடங்களில் கையை எடுத்தும் வாசித்தார். வாசிக்காமல் விடும் இடங்கள் அவர் கலையின் ஒரு பாதி எனலாம். ஒலிவாங்கி பற்றிய அவருடைய மறுப்பைப் புரிந்துகொள்வதற்கு இந்தப் பாதியே திறவுகோல் என்பது இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

1956ஆம் ஆண்டு சங்கீத நாடக அகாதெமி விருதும், 1966ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதும், 1971ஆம் ஆண்டு பத்மபூஷண் விருதும் அவருக்கு வழங்கப்பெற்றன. 1966ஆம் ஆண்டின் விருது தனிக்கவனத்திற்குரியது. அவ்விருதைப் பெற்ற முதல் மிருதங்கக் கலைஞர் அவரே. மிருதங்கத்திற்கு அப்பெருமை மீண்டும் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. அவருடைய மாணாக்கர்களுள் ஒருவரான உமையாள்புரம் சிவராமன் அதனைப் பெற்றது 2001ஆம் ஆண்டில்தான். பக்கவாத்தியக் கலைஞரின் தகுதியை ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்ட அதே பத்தாண்டுக் காலத்திலேயே அக்கலைஞர் அந்நிறுவனங்களின் வழக்கமான மேடை அமைப்போடு முரண்பட்டு நின்றார்.

ஒலிவாங்கி வந்த வழி

1927ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நிகழ்ந்த இசை மாநாட்டின் விளைவாக 1928ஆம் ஆண்டில் மியூசிக் அகாதெமி தோன்றியது. இத்தகைய சபாக்கள் பெருகியபோது கேட்போர் தொகையும் பெருகியது. சிறு கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் திருமணப் பந்தலிலும் ஒலித்த இசை, பெரிய கொட்டகைகளுக்கு இடம் மாறியது. 1930களில் கச்சேரி மேடைகளில் ஒலிவாங்கி இடம்பெறத் தொடங்கியது. 1962ஆம் ஆண்டில் மியூசிக் அகாதெமி தன் சொந்த அரங்கத்தைத் திறந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்து கேட்கும் கட்டடம் கருநாடக இசைக்குரிய இயல்பான இடம் எனும் எண்ணம் உறுதிப்பட்டிருந்தது.

இம்மாற்றத்தின் முதற்பயன் பாடகர்களுக்குக் கிட்டியது. ஒலிவாங்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் இருப்பவரையும் எட்டும் குரல் வேண்டியிருந்தது. செம்பை அவர்களின் வெண்கலக் குரலுக்கு அது கடினமாக இருந்ததில்லை. ஏனைய ஆண் பாடகர் பலர் தம் குரலுக்கு ஏற்ற அளவை விஞ்சிய உயர்ந்த சுருதியில் பாடினர். ஒலிவாங்கி வந்தபின் சுருதி இறங்கியது. மெல்லிய குரலுடையோரும் ஆழ்ந்த குரலுடையோரும் மேடைக்கு வர இயன்றது. மிகத் தாழ்ந்த சுருதியில், நிதானமான காலப்பிரமாணத்தில் பாடிய எம். டி. இராமநாதனின் (1923–1984) இசை இக்கருவியின்றிப் பெரிய அரங்குகளை எட்டியிருக்குமா என்பது ஐயமே. அவருக்கு மணி ஐயர் விரும்பி வாசித்தவர் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

சுருதி இறங்கியதன் விளைவு மிருதங்கத்தையும் தொட்டது. உயர்ந்த சுருதிக்குரிய மிருதங்கம் சிறியது. தாழ்ந்த சுருதிக்குரியது, 'தக்கு' மிருதங்கம் எனப்படுவது, நீளத்தில் சற்றுப் பெரியது. தோலின் இறுக்கமும் நாதத்தின் நீளமும் இரண்டிலும் வேறுபடும். பாடகர் ஒருவர் ஒலிவாங்கியின் துணையால் தம் சுருதியைக் குறைத்துக்கொண்டால், மிருதங்கக் கலைஞர் தம் கருவியையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. இம்மாற்றத்தைக் குறித்து அவரிடம் எவரும் கருத்துக் கேட்டதில்லை.

இரு முகங்களும் ஒரு கருவியும்

மிருதங்கத்தின் அமைப்பை இங்குச் சிறிது விரிவாகக் காண்பது தேவையாகிறது. பலா மரத்தைக் குடைந்து செய்யப்படும் உடலின் இருபுறமும் தோல் வார்கொண்டு இழுத்துக் கட்டப்பெறுகிறது. வலப்புறமாகிய வலந்தலையின் நடுவில் கரணை அல்லது சாதம் எனப்படும் கருநிறப் பூச்சு நிலையாக இடப்பெறும். கிட்டான் எனும் ஒருவகைக் கல்லின் பொடியையும் சோற்றையும் குழைத்து, மெல்லிய படலம் படலமாக இட்டுத் தேய்த்து அமைப்பது அது. வலந்தலைக்குத் திட்டமான சுருதி கிடைப்பது அப்பூச்சினால்தான். இடப்புறமாகிய தொப்பியின் நடுவிலோ கச்சேரிக்குச் சற்று முன் ஈர இரவை அப்பப்பெறும். கச்சேரி முடிந்ததும் அது நீக்கப்படும். இடையில் உலர்ந்தால் நீர் தொட்டு ஈரப்படுத்த வேண்டும். தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி நகர்த்தி எழுப்பும் குமுக்கி எனும் ஒலி மிருதங்கத்தின் ஆழ்ந்த குரலாகும்.

தோலும் மரமும் தட்பவெப்பத்திற்கு ஏற்ப மாறுவன. ஈரப்பதம் மிகுந்தால் தோல் தளரும், வறண்டால் இறுகும். வெளியே மழையும் உள்ளே குளிரூட்டியும் ஒருங்கே இயங்கும் நம் நாட்டு அரங்குகளில், முதல் கீர்த்தனை முடிவதற்குள்ளேயே மாணவர்கள் கல்லையும் கட்டையையும் தேடுவதைக் காணாத ஆசிரியர் இரார். கச்சேரி முழுவதும் தம் காதால் கேட்டுத் திருத்திக்கொண்டே வாசிக்க வேண்டிய கருவி இது.

வழக்கமான மேடை அமைப்பில் மிருதங்கக் கலைஞர் பாடகரின் வலப்புறத்தில் அவரை நோக்கி அமர்கிறார். அதனால் வலந்தலை கேட்போரை நோக்கியும் தொப்பி மேடையின் பின்புறத்தை நோக்கியும் அமைகின்றன. கூர்மையான வலந்தலை ஒலி நேரே செல்கிறது. தொப்பியின் ஆழ்ந்த ஒலி சுவரில் பட்டுப் பரந்து சேர்கிறது. இவ்விரண்டின் அளவையும் கையழுத்தத்தால் நிறுத்துப் பார்த்து வாசிப்பது கலைஞரின் பொறுப்பு. ஒலிவாங்கி ஒன்றை முன்னே வைத்தால் அது வலந்தலையையே மிகுதியாகப் பற்றும். இருபுறமும் ஒவ்வொன்று வைத்தால் தொப்பி எத்துணைக் கேட்க வேண்டும் என்பதை அரங்கின் ஓரத்தில் ஒலிப்பெட்டியின் முன் அமர்ந்திருப்பவர் தீர்மானிப்பார். கலைஞர் கையை மென்மையாக்கினால் அவர் ஒலியைக் கூட்டக்கூடும். கலைஞர் கையை எடுத்துவிட்ட இடத்திலும் ஒலிபெருக்கியின் இரைச்சல் நிற்காது. பாடகரின் குரலுக்கும் மிருதங்கத்திற்கும் இடையே இருக்க வேண்டிய அளவும் இவ்வாறே கைமாறியது.

மணி ஐயரின் மறுப்பைப் பழமைப் பற்று என எளிதில் ஒதுக்குவோர் இந்தக் கைமாற்றத்தைக் கருதுவதில்லை. நிறைத்தும் விடுத்தும் வாசிப்பதைத் தம் கலையின் சாரமாகக் கொண்ட ஒருவருக்கு, அந்நிறைவையும் விடுதலையும் பிறரொருவர் திருத்தி அரங்கிற்கு அனுப்புவது ஏற்க இயலாததாக இருந்திருப்பதில் வியப்பில்லை.

மறுப்பும் அதன் எல்லையும்

1960களில், ஒலிவாங்கி வைக்கப்படும் கச்சேரிகளில் வாசிப்பதில்லை எனும் முடிவை மணி ஐயர் மேற்கொண்டார். 1965ஆம் ஆண்டில் கே. வி. நாராயணசுவாமி, இலால்குடி ஜெயராமன் ஆகியோருடன் எடின்பரோ இசைவிழாவில் வாசித்துத் தென்னிந்திய மிருதங்கத்தை மேலை நாட்டு இரசிகர்க்கு அறியச் செய்தவர் அவர். உலக அரங்கிற்குத் தம் கருவியைக் கொண்டு சென்ற ஒருவர், உள்ளூர்ச் சபா மேடையின் ஒரு கம்பியை ஏற்க மறுத்தார் என்பது மேலோட்டமாக நோக்குவோர்க்கு முரணாகத் தோன்றலாம்.

முடிவின் விளைவு உடனே தெரிந்தது. ஒலிபெருக்கியின்றிக் கச்சேரி நடத்த இசைந்தவர் சிலரே. பெரிய அரங்கின் இருக்கைகளுக்குச் சீட்டு விற்ற சபா, பின்வரிசையில் இருப்போருக்கு இசை கேட்காது எனும் நிலையை ஏற்றுக்கொள்ள இயலாது. பாடகர்களும் ஒலிவாங்கிக்குப் பழகிய குரலோடு இருந்தனர். மணி ஐயரை விரும்பியோர் சிலர் அவருக்காகவே ஒலிவாங்கியின்றிப் பாட முன்வந்தனர். ஏனைய மேடைகளில் அவருடைய இடம் வெறுமையாக இருந்தது. அதாவது, பிறரால் நிரப்பப்பட்டது. அக்காலத்தில் இதனைக் கண்டோர்க்கு அவர் மேடை வாழ்விலிருந்தே விலகிவிட்டார் எனத் தோன்றியிருப்பின் அதில் தவறில்லை.

அவ்விலகல் இறுதிவரை நிலைக்கவில்லை. 1970களில் அவர் மீண்டும் வழக்கமான கச்சேரிகளில் வாசித்தார். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கல்வி நிறுவனமான ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியில் மாணவர்களுக்குக் கற்பிக்கவும் செய்தார். 1981ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் கொச்சியில் மறைந்தார். மறுப்பு தோல்வியுற்றது எனச் சிலர் இதனைக் கொள்வர். வெற்றி தோல்வி எனும் அளவுகோல் இங்குப் பொருந்துமா என்பது வேறு வினா. ஒலிபெருக்கியை மேடையிலிருந்து அகற்றும் ஆற்றல் தனியொரு கலைஞருக்கு, அவர் மணி ஐயராகவே இருப்பினும், இல்லை. அவரிடம் இருந்தது வருவதா வராதிருப்பதா எனும் ஓர் உரிமை மட்டுமே. அதனை அவர் பயன்படுத்தினார். அவ்வுரிமைக்கு அவர் கொடுத்த விலை அழைப்பும் வருவாயும் ஆகும். பொருள்வளம் இல்லாத கலைஞர் பலருக்கு அவ்விலை கட்டுப்படியாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மறுப்பின் மறுபக்கம்

விலகி நிற்கும் உரிமையைப் போற்றும்போது, அவ்வுரிமை யார் மீது எவ்வாறு செலுத்தப்பட்டது என்பதையும் நேர்மையாக நோக்க வேண்டியுள்ளது. மணி ஐயர் தம் மேடை வாழ்வின் பெரும்பகுதியில் பெண் பாடகர்களுக்கு வாசித்தவரல்லர். முன்னணி மிருதங்கக் கலைஞர் பலரிடம் இருந்த வழக்கம் அது. பழனி சுப்பிரமணிய பிள்ளை அத்தகைய தடையை வைத்துக்கொள்ளவில்லை என்பதை ஒப்புநோக்க வேண்டும். பின்னர் டி. கே. பட்டம்மாளுக்கு (1919–2009) வாசித்ததன் வழி மணி ஐயர் அவ்வழக்கத்தைக் கைவிட்டார். இரு குடும்பங்களும் திருமண உறவாலும் இணைந்தன. இக்காலப் பாடகர் நித்யஸ்ரீ மகாதேவன் பட்டம்மாளுக்கும் மணி ஐயருக்கும் பேத்தியாவார்.

ஒலிவாங்கியை மறுத்ததும் பெண்களுக்கு வாசிக்க மறுத்ததும் ஒரே தன்மையுடையன அல்ல. முன்னது தம் கருவியின் ஒலிக்காகத் தாமே இழப்பை ஏற்ற செயல். பின்னதில் இழப்பு பிறருக்கு நேர்ந்தது. மேலும், ஒலிவாங்கியின் வருகை பெண் கலைஞர்களின் மேடை வாழ்வுக்குப் பெரிதும் துணைநின்றது. ஆண்குரலின் உரப்பே அளவுகோலாக இருந்த அரங்கில், குரலின் நுட்பத்தைக் கேட்கச் செய்த கருவி அது. ஒரே கருவி மிருதங்கக் கலைஞரின் கையிலிருந்து ஒன்றைப் பறித்து, பாடகர் சிலருக்கு முன்பு இல்லாத ஒன்றை அளித்தது. கருநாடக இசையில் தொழில்நுட்பத்தின் பங்கை எழுதுவோர் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்.

மற்றொரு தரப்பும் உண்டு. மணி ஐயர் காக்க விரும்பிய நாதம் அவர் கையில் மட்டும் பிறந்ததன்று. பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்களைத் தேர்ந்து, பதப்படுத்தி, அடுக்கி, பின்னி, சாதம் இட்டு முடிக்கும் தொழிலாளரின் கையில் அது முதலில் உருவாகிறது. தஞ்சாவூரின் செபாஸ்டியன் குடும்பத்தைச் சேர்ந்த பர்லாந்து என்பவர் மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்தவர். மணி ஐயர் கேட்ட ஒலியைத் தோலில் தேடிக் கண்டவர் அவரே; இருவரும் சேர்ந்து செய்த சோதனைகள் இன்றைய மிருதங்கத்தின் அமைப்பிலேயே தங்கியுள்ளன. டி. எம். கிருஷ்ணா 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எனும் ஆங்கில நூல் இத்தொழிலாளர்களின் வரலாற்றை விரிவாகப் பதிவுசெய்தது. பெரும்பாலும் தலித் கிறித்தவர்களாகிய இவர்கள், தாம் செய்த கருவி ஏறிய மேடைகளில் ஏறியதில்லை. அந்நூலின் வெளியீட்டு விழாவுக்குத் தன் அரங்கைத் தர இசைந்த கலாக்ஷேத்திரம், பின்னர் அவ்விசைவைத் திரும்பப் பெற்றது. விழா சென்னையில் வேறோர் இடத்தில் நடைபெற்றது.

இசை வரலாற்றில் மணி ஐயரின் மறுப்பு ஒரு தனிமனிதரின் கொள்கையுறுதியாக எழுதப்படுகிறது. அவர் மேடையேறாத மாதங்களில் மிருதங்கம் செய்வோர், பழுது பார்ப்போர் ஆகியோரின் கணக்கு எங்கும் எழுதப்படுவதில்லை. கலைஞருக்காவது விலகும் உரிமை இருந்தது.

ஒலிநாடாவும் மாணாக்கரும்

ஒலிவாங்கியை மறுத்தவரின் வாசிப்பை இன்று நாம் அறிவது ஒலிவாங்கியின் வழியே. வானொலிப் பதிவுகளும், இரசிகர்கள் தம் சொந்த முயற்சியால் சுருள்நாடாக்களில் எடுத்த கச்சேரிப் பதிவுகளும் இல்லையெனில், 1981ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்த ஒருவருக்கும், கடல் கடந்து வாழும் நமக்கும் மணி ஐயர் என்பது வெறும் பெயராகவே இருந்திருக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மிருதங்கம் பயிலும் மாணவர்கள் அவருடைய தனி ஆவர்த்தனங்களைக் கற்பது இப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டே. இதில் முரண் எதுவும் இல்லை. ஒலியைப் பதிந்து வைப்பது வேறு. கேட்போரும் கலைஞரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது இருவருக்கும் இடையே ஒலியைப் பெருக்கி வைப்பது வேறு. பின்னதையே அவர் ஏற்கவில்லை. ஆயினும் பழைய பதிவுகளைக் கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ளல் நலம். அப்பதிவுகளில் தொப்பி மெலிந்தும் வலந்தலை ஓங்கியும் கேட்பது பெரும்பாலும் ஒலிவாங்கி வைக்கப்பட்ட இடத்தின் விளைவு. அதனையே மணி ஐயரின் பாணி என மாணவர் பின்பற்றுவது பொருத்தமன்று.

அவர் மாணாக்கர்கள் குருவின் மறுப்பை அவ்வாறே தொடரவில்லை. பாலக்காடு இரகு (1928–2009) வழக்கமான மேடைகளில் நெடுங்காலம் வாசித்தார். உமையாள்புரம் சிவராமன், தோலைப் பதப்படுத்தும் முறைகளை ஆராய்ந்ததோடு, கண்ணாடியிழையால் ஆன உடலைக்கொண்ட மிருதங்கத்தையும் உருவாக்கி மேடையேற்றினார். புதிய நிலைமைக்கு ஏற்பக் கருவியையே மாற்றிப் பார்ப்பது அவர் கண்ட வழி. குரு வெளியேறி நின்று எழுப்பிய வினாவுக்கு மாணாக்கர் உள்ளிருந்தே விடை தேடினார் எனலாம்.

2010களில் சென்னையில் ஒலிபெருக்கியற்ற கச்சேரிகளைச் சில அமைப்புகள் மீண்டும் நடத்தத் தொடங்கின. அவை சிறு கூடங்களில் நடைபெறுவன. இத்தகைய கூடத்தில் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் நெருங்கி அமர்கின்றனர். தம்பூராவின் ஒலி அறையெங்கும் கேட்கிறது. தொடக்கத்தில் சில நிமிடங்கள் ஒலி குறைவாக இருப்பதாகத் தோன்றும். பின்னர்ச் செவி பழகிவிடும். மிருதங்கக் கலைஞர் தம் கையைப் பாதியளவு தணித்துக்கொள்வதும், கீர்த்தனையின் அனுபல்லவியில் வலந்தலையை முழுவதும் விட்டுத் தொப்பியில் மட்டும் விரல் வைப்பதும், அது பின்வரிசை வரை கேட்பதும் அங்கே இயல்பாக நிகழ்கின்றன.